பின்தொட்டியில் பெய்த மழை

ஆவணி மாதம் பத்தாம் தேதி, வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், செண்பகவல்லியின் பிக்கப் வண்டி அவளில்லாமல் உவர்க்குளத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் பின்தொட்டியில் மழை பெய்துகொண்டிருந்தது. ஏழு வருடமாக ஊருணியில் யாருக்கும் கால் நனையாத ஊர் அது. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது, தெருப் புழுதி காலைச் சுட்டது, ஆனால் ஆறடி நீளமும் ஐந்தடி அகலமுமான அந்தத் தொட்டிக்குள் மட்டும் இரண்டு ஆள் உயரத்திலிருந்து மழை நேராக, கனமாக, தகரத்தில் அறையும் சத்தத்தோடு இறங்கி, நிரம்பி, பின்கதவின் இடுக்கு வழியாக வழிந்து, பஸ் நிறுத்தத்திலிருந்து மேலத்தெரு வரைக்கும் ஓர் ஈரக் கோட்டை இழுத்துக்கொண்டே வந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மழைக்காக யாரும் எழவில்லை. யாருடைய வண்டி என்று தெரிந்து எழுந்தார்கள்.

மேலத்தெருவின் கடைசி வீடு வெயிலுகந்தனுடையது. உவர்க்குளத்துக்கும் சுற்றியிருந்த ஒன்பது குக்கிராமங்களுக்கும் முப்பத்திநாலு வருடம் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் சந்தனமாரிக்கும் ஒரே மகள் செண்பகவல்லி. பாலிடெக்னிக்கில் வண்டிப் படிப்பு படித்து, கோயம்புத்தூரில் காட்டுப்பாதைப் பந்தயங்களுக்கு வண்டி தயாரிக்கும் ஒரு பட்டறையில் சேர்ந்து, நாலு வருடம் பாடுபட்டு அந்தப் பிக்கப்பைத் தன் கையாலேயே கட்டியவள். மாங்காய்ப் பச்சை நிறம். டயர்கள் வெயிலுகந்தனின் இடுப்பு உயரம். முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய இழுவை உருளை, பக்கவாட்டில் கூரை வரைக்கும் ஏறிய மூச்சுக்குழாய். ரோடே இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்று செய்த வண்டி. மணல்மேட்டிலிருந்து குதித்தால் பூனைபோல இறங்கும், மார்பளவுத் தண்ணீரிலும் மூச்சு விடும் என்று போனில் அவள் சொல்லும்போதெல்லாம், அதில் எத்தனை பேர் போகலாம் என்று மட்டும் சந்தனமாரி கேட்பாள்.

வண்டியை ஓட்டி வந்தவன் ஜோயல், அதே பட்டறைக்காரன். இறங்கியதும் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"உள்ள வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா?" என்றார் வெயிலுகந்தன்.

"இல்லைங்கப்பா. மொதல்ல சொல்லீர்றேன்."

நின்றபடியே சொன்னான். மேற்கு மலையில் மூன்று நாள் விடாமல் பெய்து ஊர்கள் துண்டிக்கப்பட்டபோது, மற்ற வண்டிகள் போக முடியாத இடங்களுக்குப் பந்தய வண்டிக்காரர்கள் எட்டுப் பேர் போனார்கள். செண்பகா இரண்டு நாளில் அறுபத்தோரு பேரைக் கொண்டுவந்து சேர்த்தாள். கடைசி நடையில் தொட்டிக்குள் ஏழு பேர். ஓர் ஓடையைக் கடக்க ஜோயலை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு, நீந்திப் போய், எதிர்க்கரை மரத்தில் இரும்புக் கயிற்றை அவளே கட்டினாள். வண்டி கரையேறியது.

"கயித்தை அவுத்துட்டு வந்துர்றேன்னு போனாளுங்க. கொக்கியை எடுத்துக் காட்டினா. நான் ஒரு தடவை கியர் மாத்தித் திரும்பிப் பாக்கறேன், மரமும் இல்லை, கரையும் இல்லை, அவளும் இல்லை."

"வண்டியில இருந்தவுக?"

"ஏழு பேரும் பொழச்சுட்டாங்கப்பா. பத்தொம்பது நாளாத் தேடறோம்."

சந்தனமாரி தொட்டியைக் கையால் காட்டி, "இது எப்பருந்து பேயுது?" என்றாள்.

"மலையை விட்டு எறங்குனதுல இருந்துங்கம்மா."

தார்ப்பாய் போட்டு மூடிப் பார்த்தார்கள். தார்ப்பாய்க்கு அடியிலேயே மழை பெய்தது. அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, ஜோயலுக்கு இலை போட்டு, மத்தியான பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

வெயிலுகந்தனுக்குச் சைக்கிள் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. வாசலில் நின்ற பிக்கப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். மழையோடு சில நேரம் வேறு பொருள்களும் விழுந்தன. ஒரு காப்பிச் செடியின் இலை, ஒரு பெரணித் தண்டு, ஒரு தடவை கட்டைவிரல் நகம் அளவுக்கு உயிருள்ள நண்டு. அதை ஈரத் துணியில் வைத்துக்கொண்டு உள்ளே போய் மனைவியிடம் காட்டினார்.

"இது நம்ம பக்கத்து மழை இல்ல, மாரி. அவ நிக்கிற எடத்து மழை. அங்க பேயுறது இங்க விழுகுது. எங்கேயோ ஒதுங்கி நிக்கிறா பாப்பா."

"அங்க மழை விட்டுப் பத்து நாளாச்சுன்னு டிவியில சொன்னாக," என்றாள் சந்தனமாரி.

அவர் நண்டைக் கொண்டுபோய்த் தொட்டியிலேயே விட்டார்.

நாலாம் நாள் மழை மெலிந்தது. ஐந்தாம் நாள் தூறலானது. ஆறாம் நாள் காலையில் தொட்டிக்குள் கையை நீட்டி நூறு எண்ணுவதற்குள் மூன்று சொட்டுத்தான் விழுந்தது. வெயிலுகந்தன் ஓடிப்போய் மினி பஸ் டிரைவரைக் கூட்டிவந்தார். டிரைவர் ஏறி, சாவி போட்டு, தெருமுனை வரை ஓட்டித் திரும்பியபோது மழை பழையபடி கொட்டிக்கொண்டிருந்தது. நின்றால் மெலியும், ஓடினால் பெய்யும்; அதன் வழக்கம் அதுதான் என்று தெரிந்த அன்றே அறுபத்தொரு வயதில் அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

ஒரு வாரம் மினி பஸ் டிரைவர் சொல்லிக்கொடுத்தார், மிச்சத்தை வண்டியே சொல்லிக்கொடுத்தது. ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கயிற்றில் கட்டி வைத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, ஸ்டூலில் கால் வைத்து ஏறி உட்கார்ந்ததும், கயிற்றை இழுத்து ஸ்டூலை உள்ளே தூக்கிக்கொள்வார். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கியது. ஆக்சிலேட்டரைத் தொட்டாலே வண்டி முன்னால் பாயும். முதல் நாள் பாய்ந்த பாய்ச்சலில் தெருக்கோழிகள் எல்லாம் கூரைக்கு ஏறிவிட்டன. அதனால் செங்குத்து மலையேறுவதற்கென்று அவள் வைத்திருந்த குட்டிக் கியரைப் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில், அரை லிட்டர் தயிர் வாங்கப் போனார். பென்ஷன் வாங்க அந்த வண்டியில்தான் போனார். சவரத்துக்கும், செருப்புத் தைக்கவும், மாரியம்மன் கோவிலுக்கும் அதில்தான் போனார். பள்ளம் எது, மேடு எது என்று உள்ளே உட்கார்ந்தவருக்குத் தெரியாது. வேகத்தடை மேல் ஏறினால் வண்டி தொட்டில்போல ஒரு தடவை ஆடி அடங்கும். கீழத்தெருவில் திரும்ப நாலு தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். இன்ஜின் சத்தத்துக்குக் கைக்குழந்தைகள் முதல் வாரம் அழுதன, அடுத்த வாரம் அந்தச் சத்தம் கேட்டால்தான் தூங்கின. சாயங்காலம் வந்து நிறுத்தியதும் கண்ணாடியைத் துடைத்து, டயர் இடுக்குக் கல்லைத் திருப்புளியால் நெம்பி எடுத்துவிட்டு, மழையில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தொட்டியைத் துழாவிப் பார்ப்பார்.

அந்த மழை போகிற தெருவெல்லாம் வழிந்துகொண்டே போனது. ஊரில் பெண்கள் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் எட்டுக் குடம் வைத்து, மூன்று மைல் தள்ளிப் போய் வரிசையில் நின்று தண்ணீர் கொண்டுவருவார்கள். ஆனாலும் ஒரு மாதம் வரைக்கும் யாரும் அந்த வண்டிக்குப் பக்கத்தில் குடத்தோடு போகவில்லை. ஒரு துக்க வீட்டுப் பொருளைத் தொடுவதுபோல அவர்களுக்கு இருந்தது. முதலில் கேட்டவள் மாடத்தி. தெருவுக்கே தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்துப் பிழைப்பவள், தள்ளித் தள்ளி உள்ளங்கை இரண்டும் காய்த்தவள். ஒருநாள் வண்டிக்குக் குறுக்கே நின்றாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. வழியிற தண்ணி மண்ணுக்குத்தான போகுது. ஒரு கொடம் பிடிச்சுக்கிறட்டா?"

வெயிலுகந்தன் யோசித்தார். "பிடிச்சுக்கோ தாயி. பாப்பா இருந்தா வேண்டாம்னா சொல்லப்போறா?" என்றார்.

மறுநாள் நாலு குடம், மறுவாரம் நாற்பது குடம். அதற்குப் பிறகு ஊர் அந்த மழைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. பட்டறைக்காரர் ஒருவர் தொட்டியின் அடியில் துளை போட்டுத் திருகுகுழாய் வைத்தார். காலை ஆறு மணிக்கு மேலத்தெரு, ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம், எட்டுக்குக் காலனி, பத்துக்குக் கீழத்தெரு என்று பஞ்சாயத்துத் தலைவர் ஞானதுரை ஒரு அட்டையில் எழுதிக் கோவில் சுவரில் ஒட்டினார். டீசல் ஊர்ப்பொதுவில் ஊற்றப்பட்டது. கீழத்தெருவில் வண்டி திரும்புவதற்காக மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் மதில் மூலையைத் தாங்களே இடித்து வளைத்துக் கட்டினார்கள். டீக்கடைக்காரர் கீற்றுச் சாய்ப்பை ஒரு முழம் உயர்த்தினார். மாவட்டத்திலிருந்து வந்த குடிநீர் அதிகாரி ஓர் அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டு ஒரு மணி நேரம் அளந்து, படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லாததால், 'இதர ஆதாரங்கள்' என்ற இடத்தில் 'நகரும் மழை, ஒன்று' என்று எழுதி முத்திரை வைத்துவிட்டுப் போனார். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்தது. தலைமுடி மெத்தென்று ஆனது. கல்யாண வீடுகளில் பந்திக்குத் தேதி குறிக்கும்போதே வண்டிக்கும் நேரம் குறித்தார்கள். தண்ணீர் லாரி ஊருக்கு வருவதை நிறுத்திக்கொண்டது.

இன்ஜின் சத்தம் தூரத்தில் கேட்டதுமே பெண்கள் குரல் கொடுப்பார்கள்: "செண்பகா வந்துட்டா! கொடத்தை எடுங்கடி!"

வெயிலுகந்தனுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது வாசலில் மகள் வந்துவிட்டாள் என்று யாராவது சொல்லக் கேட்டுக்கொண்டே போவதற்காகவே அவர் விடியுமுன் எழுந்து குளித்துத் தயாராக இருந்தார். இரண்டு தடவை மலையிலிருந்து போன் வந்து, பிணம் அடையாளம் பார்க்கக் கூப்பிட்டு, போய்ப் பார்த்து, அவளில்லை என்று திரும்பிய பிறகு, அவர் போனை அணைத்து அலமாரிக்கு மேல் போட்டுவிட்டார்.

சந்தனமாரி அந்த வண்டியில் ஒருநாளும் ஏறவில்லை. வண்டி வெளியே போனதும் வாசல் ஈரத்தைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். தை பிறந்ததும் கணவரிடம் சொன்னாள்.

"ஏங்க, பிள்ளைக்கு ஒரு கருமாதியைச் செஞ்சு விட்டுருவோம். ஆறு மாசமாகப் போகுது. பசியோட அலைஞ்சுக்கிட்டு இருப்பா."

"உயிரோட இருக்கிறவளுக்கு என்ன கருமாதி? அந்தா பேயுதுல்ல, கண்ணு தெரியலையா ஒனக்கு?"

அவள் சடங்கு செய்கிறவரிடம் போனாள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, இந்த மாதத்தில் நாள் சரியில்லை என்றார். மாசியில் போனாள், பங்குனியில் பார்க்கலாம் என்றார். கோவில் பூசாரி, அம்மனிடம் பூக்கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிப் பூக்கேட்கவே இல்லை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசை விடாதீக மதினி, பிள்ளை வந்துரும்" என்றார்கள். அவ்வளவு பேர் அவ்வளவு அன்பாகச் சொன்னார்கள். ஒருநாள் அப்படி ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் சந்தனமாரி அவள் இடுப்பைப் பார்த்தாள். இடுப்பில் குடம் இருந்தது. யோசித்துப் பார்த்தால், ஆறுதல் சொன்ன ஒவ்வொருவர் இடுப்பிலும் குடம் இருந்தது. அன்றிலிருந்து அவள் யாரிடமும் கேட்பதை விட்டுவிட்டாள்.

சித்திரை பதினெட்டாம் தேதி மத்தியானம் மாடத்தி வந்தாள். குடமில்லாமல் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா மாடத்தி."

"வரல மதினி." மடியிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்தாள். வேர்வையில் ஓரம் நைந்திருந்தது. "இது உங்க வீட்டுத் தபாலு. பதினோரு நாளா எங்க கையில இருக்கு. தபால்காரர் சுடலைமுத்து தலைவருகிட்டக் குடுத்தாரு, தலைவரு எங்க அஞ்சாறு பேரைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினாரு. கத்திரி வெயில் முடியட்டும், பெறகு குடுக்கலாம்னு பேசினோம். பேசினதுல நானும் இருந்தேன். எம் பேத்தி அந்தத் தண்ணியிலதான் குளிச்சு, சொறி ஆறி இருக்கு, மதினி. அதை நெனைச்சுத்தான் பேசாம இருந்தேன். இன்னைக்குச் சோறு இறங்கல."

கவரை வாசற்படியில் வைத்துவிட்டு, சந்தனமாரியின் காலுக்கு நேராகத் தரையைத் தொட்டு வணங்கிவிட்டுப் போய்விட்டாள்.

சந்தனமாரிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மெதுவாகப் படித்தாள். மலைக்கு மேற்கே இருக்கும் அரசு மருத்துவமனைக் கடிதம். ஆற்றில் தண்ணீர் வற்றியபோது பாறைகளுக்கு நடுவில் எடுக்கப்பட்ட எலும்புகள், இடது தோளில் பந்தய விபத்துக்குப் பிறகு வைத்த உலோகத் தகடு, தகட்டில் இருந்த எண், எண் பொருந்துகிறது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். அவள் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கணவர் வரும்வரை அசையாமல் இருந்தாள். அவர் வந்து ஸ்டூலை இறக்கி, கால் வைத்து இறங்கியதும், எடுத்து நீட்டினாள்.

வெயிலுகந்தன் இரண்டு தடவை படித்தார். பிறகு வண்டியை அப்படியே விட்டுவிட்டு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, நடந்து பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். ஞானதுரையும் சுடலைமுத்துவும் அங்கே இருந்தார்கள். அவர் கையில் கவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"பதிவுத் தபாலு. கையெழுத்து யாரு போட்டது?"

"நான்தாண்ணே," என்றான் சுடலைமுத்து.

"என்னைக்கு?"

"ஏழாம் தேதி."

ஞானதுரை கையைப் பிசைந்துகொண்டு, "அண்ணே, ஊரு நெலமை உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைக்குக் கெடுதல் நெனைப்போமா நாங்க? நீங்க போய் எடுத்துட்டு வந்தா, அது நின்னுருமோன்னு ஒரு பயம். ஐப்பசி வரைக்கும் ஓட்டிட்டா..." என்றார்.

"முப்பத்திநாலு வருசம்," என்றார் வெயிலுகந்தன். அவர் குரல் உயரவில்லை. "எத்தனை சாவுத் தந்தி குடுத்திருப்பேன். ஒரு தந்தியையும் ஒரு மணி நேரம் பையில வச்சுக்கிட்டு இருந்ததில்ல. மூஞ்சியைப் பாக்காம குடுப்பேன், ஆனா குடுத்துருவேன். அது அவுகளுக்குச் சேர வேண்டியது. நம்ம யாரு வச்சுக்கிற?"

சுடலைமுத்து அழுதான். வெயிலுகந்தன் வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"ஆனா சுடலை, நீ அன்னைக்கே கொண்டுவந்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். கதவைச் சாத்தியிருப்பேன். அதையும் சொல்லணும்ல."

மறுநாள் காலையில் சந்தனமாரி ஸ்டூலில் கால் வைத்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வண்டியில் ஏறினாள். வீட்டு வாசல்களில் ஊர் நின்றது. யாரும் குரல் கொடுக்கவில்லை, யாரும் குடம் எடுத்து வரவில்லை. வண்டி போன பிறகு நடுத்தெருவில் ஈரம் மட்டும் கிடந்தது.

ஒன்பது மணி நேரப் பயணம். நெடுஞ்சாலையில் முதல் தடவையாக அவர் வண்டியைப் பெரிய கியரில் போட்டார். அது என்ன செய்யக்கூடியது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சந்தனமாரி கால்களை மடக்கி இருக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாக முன்னால் விரிந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கத்திலும் கார்களின் கூரை கீழே தெரிந்தது.

"இவ்வளவு ஒசரத்துல இருந்தா எல்லாத்தையும் பாத்துருக்கா," என்றாள் மதுரை தாண்டி.

முன்பெட்டியைத் திறந்தாள். ஒரு சீப்பு, முடியோடு. கருத்த ரப்பர் வளையம் ஒன்று. ஒரு துண்டுத் தாளில் செண்பகாவின் கையெழுத்தில் 'அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்' என்று எழுதியிருந்தது. அந்தத் தாளைச் சந்தனமாரி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மலை ஏற ஏறப் பின்னால் மழை வலுத்தது. கடைசி வளைவுகளில் அதன் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தார்கள். வாங்கியதும் வெயிலுகந்தனின் கைகள் தபால் பார்சல் தூக்கிய பழக்கத்தில் எடை பார்த்துவிட்டன. ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சந்தனமாரி குனிந்து, பெட்டியை அவர் கையிலிருந்து எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், புஷ்பராணி என்று பெயர்.

"அந்த ஏழு பேர்ல நானும் ஒருத்திங்க. இன்னிக்கு வர்றீங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எம் மகளுக்குத் தன்னோட மழைக்கோட்டைக் கழட்டிப் போட்டுவிட்டுச்சு. நாங்க பின்னால நனைஞ்சுக்கிட்டே அழுதுக்கிட்டு இருந்தோம். கண்ணாடியைத் தெறந்து எட்டிப் பாத்து, 'இன்னும் கொஞ்ச நேரந்தான்க்கா, மழை விட்டுரும், நான் சொல்றேன்ல'ன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சுங்க."

சந்தனமாரி கேட்டாள்: "அன்னைக்கு அவ ஏதாவது சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டுச்சுங்கம்மா. ரெண்டு பன்னு வச்சிருந்துச்சு. ஒண்ணை எங்களுக்குப் பிச்சுக் குடுத்துட்டு, ஒண்ணைச் சாப்பிட்டுச்சு."

சந்தனமாரி தலையை ஆட்டினாள். பல தடவை ஆட்டினாள். அந்தப் பெண்ணின் கன்னத்தை ஒரு கையால் தடவிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை மலையிறங்கினார்கள். பெட்டி சந்தனமாரியின் மடியில் இருந்தது. கடைசி வளைவு தாண்டிச் சமவெளியில் முதல் தென்னந்தோப்பு வந்தபோது அவள், "ஏங்க, சத்தம் நின்னுருச்சு" என்றாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்டார். இறங்கிப் பின்னால் போனார். தொட்டிக்கு மேலே காலை வெயில் இருந்தது. கையை நீட்டி நூறு வரைக்கும் எண்ணினார். இன்னொரு நூறு எண்ணினார். பிறகு பின்கதவைத் திறந்துவிட்டார். தேங்கியிருந்ததெல்லாம் ரோட்டோரப் புல்லில் ஓடியது. திரும்ப வந்து ஏறி உட்கார்ந்தார்.

"விட்டுருச்சு," என்றார்.

சந்தனமாரி பெட்டியின் மேல் கன்னத்தை வைத்து, அப்போதுதான் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடியும்வரை வண்டியை எடுக்கவில்லை.

உவர்க்குளத்துக்குள் நுழைந்தபோது பிற்பகல். தொட்டி வெயிலில் காய்ந்து, தொட்டால் கையைச் சுடும்படி கிடந்தது. இன்ஜின் சத்தத்துக்கு வெளியே வந்தவர்கள் வண்டியின் பின்னால் தெருப்புழுதி பறப்பதைப் பார்த்தார்கள், பார்த்துப் புரிந்துகொண்டார்கள். வீட்டு வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, மேலே வேட்டி விரித்து, பெட்டியை இறக்கினார்கள். சடங்கு செய்கிறவர் இந்தத் தடவை பஞ்சாங்கம் பார்க்காமல் வந்து நின்றார். நீர்மாலை எடுத்து வர வேண்டும் என்றார். இறந்தவரைக் குளிப்பாட்ட முறைக்காரர்கள் நீர்நிலைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து ஊர்வலமாகக் கொண்டுவருவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"எங்க போய் எடுக்க?" என்றார் வெயிலுகந்தன். ஊருணி வெடித்துக் கிடந்தது.

மாடத்தி கூட்டத்திலிருந்து விலகித் தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். நாலு நாளைக்கு வைத்துக் குடிக்கச் சேர்த்துவைத்திருந்த மழைத் தண்ணீர். வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கினாள். அதைப் பார்த்துக் கீழத்தெருப் பெண்கள் போனார்கள். காலனிக்காரர்கள் போனார்கள். குடம், தவலை, டிரம், சாமி அறையில் இருந்த செம்பு, பள்ளிக்கூடத்துச் சத்துணவு அண்டா, கல்யாணத்துக்கென்று மூடிவைத்திருந்த சிண்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் என்று, ஏழு மாதமாகச் செண்பகா கொடுத்ததில் யார் யார் வீட்டில் என்ன மிச்சம் இருந்ததோ அத்தனையும் வந்தது. யார் முறை, யார் முறையில்லை என்று அன்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாலு பேர் நாலு மூலையில் சேலையை விரித்துப் பிடிக்க, அதன் நிழலில் வரிசையாக வந்து ஊற்றினார்கள். ஊற்றும்போது ஒவ்வொருத்தியும் தாழ்ந்த குரலில் அவளிடம் ஏதோ சொன்னாள். ஞானதுரை ஊற்றினார். சுடலைமுத்து கடைசியில் நின்றான். வெயிலுகந்தன் அவன் கையைப் பிடித்து முன்னால் இழுத்து ஊற்ற வைத்தார்.

பெட்டியிலிருந்து இறங்கிய தண்ணீர் பெஞ்சுக்கடியில் சேர்ந்து, தெருவில் விழுந்து, சரிவு பார்த்து ஓடத் தொடங்கியது. சந்தனமாரி அதைப் பார்த்தாள். செருப்பில்லாமல், பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற நடையில், அதன் பக்கத்திலேயே நடந்தாள். தண்ணீர் மேலத்தெரு வீடுகளைத் தாண்டியது, டீக்கடையைத் தாண்டியது. வழியில் நின்றவர்கள் அதை மிதிக்காமல் காலை எடுத்துக்கொண்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் புழுதி ஆழமாகக் கிடந்தது. அங்கே தண்ணீர் மெலிந்து, ஒரு விரல் அகலமாகி, ஒரு சாண் முன்னால் போய் நின்றது. சந்தனமாரியும் நின்றாள். மண் அதை முழுக்க உறிஞ்சி, ஈரம் வெளுத்து, தெரு பழைய நிறத்துக்கு வரும்வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.